கதிரை அக்காவும் அந்தக் காலத்து ஸ்டூடியோவும்

டென்மார்க்கின் ஹேர்னிங்கில் இருந்த தமிழ் ஆண்கள் அத்தனை பேரையும் எழுப்பி நிற்க வைத்த ஒரே ஆள் கதிரை அக்காதான். பொலிசுக்குக்கூட அது முடிந்திராது.

குடும்பத்தைக் கூப்பிட நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மனைவிமார் யாழ்ப்பாணத்தில். அக்காவுக்கு மட்டும் தலைகீழ்: அவர் இங்கே, அத்தான் அங்கே. ஊருக்கு அனுப்ப எல்லோருக்கும் ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு அக்காவோடு சிலர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்டூடியோ ஒன்றை அப்படியே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து உடுப்பைப் போட்டு, அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் இருந்தால் தெளிவான படம் கிடைக்கும். வெள்ளை மீசைக் கமராக்காரர் அக்காவுக்குக் கறுப்புப் பட்டுச் சட்டையை மாட்டி, கதிரைக்குப் பின்னால் நிறுத்தினார். அந்தக் காலத்தில் கணவன் கதிரையில் உட்கார்ந்திருப்பானாம், மனைவி அவன் தோளில் கைவைத்து நிற்பாளாம். குடும்பப் பெண்ணுக்கு அதுதான் அழகாம். நான் மொழிபெயர்த்தேன்.

“கிழமை முழுக்க ஃபாக்டரியில நிண்டு உடுப்பு அயர்ன் பண்ணுறன். இஞ்சயும் நிக்கோணுமோ எண்டு கேளும் தம்பி.”

நான் கேட்பதற்குள் அக்கா கதிரையில் இருந்துவிட்டார். கதிரை அக்கா என்ற பெயர் அன்று வந்ததுதான். படம் எடுத்து முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

“இனி நீங்கள். ஒருத்தரும் இருக்கப்படாது. கதிரை உங்கட மனிசிமாருக்கு. பின்னால நிண்டு கையை வையுங்கோ.”

“வெறுங்கதிரைக்குப் பின்னால நிண்டா ஊரில என்ன நினைப்பினம்?” என்றேன்.

“காத்துக்கொண்டு நிக்கிறியள் எண்டு நினைப்பினம்.”

மற்றவர்கள் பெட்டிப்பாம்பாய் நின்றார்கள். நான் ரோஷத்தில் கால்மேல் கால்போட்டு இருந்து எடுத்தேன். படங்கள் ஊருக்குப் போயின. மற்ற மனைவிமார் உருகிப்போனார்களாம். என் மனைவி தொலைபேசியில் கேட்டாள்: “ஏனப்பா, நீங்கள் மட்டும் இருக்கிறியள்? முழங்கால் நோவோ?”

அடுத்த ஞாயிறே போய் நின்றேன். பிறகு பிறகு, தமிழரைக் கண்டாலே கமராக்காரர் கதிரையை வெறுமையாய்ப் போட்டுவிட்டு ஆளைப் பின்னால் தள்ளப் பழகிவிட்டார்.

வருடங்கள் கழித்து விண்ணப்பங்கள் கண்விழித்தன. அத்தான் வந்து சேர்ந்தார், சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டிய அளவுக்கு இளைத்து. அக்கா அவரை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அத்தான் நிற்கிற அழகைப் பார்க்க நாங்களும் பின்னால் போனோம். அவரும் நல்ல பிள்ளையாகக் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து இருத்தினார். தான் பின்னால் போய் நின்று, அவர் தோளில் கையை வைத்தார்.

“என்னக்கா, உங்கட சட்டம் எங்க?” என்றேன்.

“எங்கட விண்ணப்பங்களை நித்திரையாக்க மந்திரியே சட்டத்தை வளைச்சவர். நான் ஒருநாள் வளைச்சா என்ன? மனிசன் களைச்சுப்போய் வந்திருக்கு.”

அந்தப் படத்தில் எல்லாம் தெளிவு. அத்தானின் தோளில் இருக்கிற கை மட்டும் நடுங்கிக் கலங்கித் தெரிகிறது. எத்தனையோ விஷயத்துக்கு அக்காவைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அந்தக் கையைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை.