வளரும் அரைவட்டம்

அரைவட்டம் மறுபடியும் வளர்ந்திருந்தது.

பஸ்ஸால் இறங்கிய கௌசலா கைப்பையைக்கூட வைக்காமல் மைதானத்துக்கு ஓடினாள். நேற்றுப் பின்னேரம் தன் கையாலேயே சுண்ணாம்பு தூவிக் கீறிய கோடு. கோல் கம்பம் மையம். ஆரை நாலு தசம் ஒன்பது மீற்றர். வலைப்பந்தில் அதற்குள் நின்று எறிந்தால்தான் கோல். இப்போது அளந்தால் ஐந்தரை!

"என்ன ரீச்சர், வட்டம் குட்டி போட்டிட்டுதோ?" சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த வரலாற்று ஆசிரியர் சுதாகரன் கேட்டார்.

"கயிறு இழுபட்டிருக்கும் சேர்."

"கயிறோ, பட்டதாரியோ?"

முரசுமோட்டையில் வயல் செய்யும் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவள். ஆனால் 'பட்டதாரி' என்ற சொல்லை இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாழ்த்தாகச் சொல்லிக் கேட்டதில்லை. விளையாட்டு ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போனதும், "கணிதம் படிச்ச பிள்ளைக்குக் கோடு கீறத் தெரியாதோ" என்று அதிபர் சிற்றம்பலம் வலைப்பந்து அணியை அவள் தலையில் கட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி, பிள்ளை. முதல் தடவையா எங்கட மைதானத்தில. அளவு பிழைச்சுதெண்டா ரவுண் பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்போடுவாங்கள். எங்கட பெட்டையளை அங்க கொண்டுபோக வாகனமும் இல்லை. விளையாடாமலே தோத்த மாதிரித்தான்," என்று அதிபர் அன்றும் நினைவூட்டினார்.

கௌசலா அணியைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினாள்.

"ஆர் இந்தக் கோட்டில கை வைச்சது?"

"மாடு உழக்கியிருக்கும் ரீச்சர்," என்றாள் நிதர்சனா. கோல் எறிபவள் அவள்தான். கௌசலாவின் தோளுக்கும் வரமாட்டாள்.

"மாடு கவராயம் வைச்சுக்கொண்டோ உழக்கினது?"

பெட்டைகள் சிரிப்பை விழுங்கினார்கள். களத்தில் இறங்காமல் வாங்கிலேயே இருந்து பழகிய மேலதிக ஆட்டக்காரி கலிஸ்ரா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

கௌசலா கயிற்றை வீசிவிட்டுக் கட்டுக்கம்பி வாங்கி வந்தாள். கம்பி இழுபடாது. அன்று பின்னேரம் கீறியது அச்சொட்டாக வந்தது. அடுத்தநாள் காலை ஆறு மீற்றர்.

"கம்பம் சரிஞ்சிருக்கும். மையம் ஆடினா எல்லாம் ஆடும்," என்றார் சுதாகரன், பெரிய ஞானி போல.

அந்தக் கதையைக் கேட்டதுதான் பிழை. கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட்டபோது அது ஒரு சாண் விலகி நின்றது. அதைச் சரிக்கட்ட எல்லைக்கோட்டைத் திருப்பினாள். செங்கோணம் செத்துச் செவ்வகம் இணைகரமானது. ஒரு பக்கத்தை நீட்டினாள், சரிவகமானது.

"சாய்சதுரம் ஒண்டுதான் மிச்சம் ரீச்சர்!"

"நீங்கள் போய் அக்பர் செத்த ஆண்டைப் படிப்பியுங்கோ சேர்!"

சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அலவாங்கை எடுத்தாள். கம்பத்தைத் தானே கிண்டி நட்டாள். எதிர்ப்பக்கங்களும் மூலைவிட்டங்களும் சமனாக வரும்வரை விடவில்லை.

அந்தக் கிழமை வகுப்பில் அவள் வட்டம்தான் படிப்பித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் வாய் திறக்காத கலிஸ்ரா எழும்பிக் கேட்டாள். "ரீச்சர், ஆரையைக் கூட்டினா மையமும் மாறுமோ?"

"மாறாது. அதே மையம், பெரிய வட்டம். ஒருமைய வட்டங்கள்."

"அப்ப சரி ரீச்சர்," என்று அவள் திருப்தியாக இருந்துவிட்டாள். இந்த ஒருத்திக்காவது மண்டையில் ஏறுகிறதே என்று கௌசலா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிய வந்தால், இரண்டு பக்கமும் ஆறரை மீற்றர்.

கத்துவதற்கு நேரமில்லை. பெரிய கோடுகளைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிட்டு முழங்காலில் நின்று மறுபடி கீறினாள். கடைசி வில் முடியும்போது வாசலில் ரவுண் அணியின் வாகனம் வந்து நின்றது.

மத்தியஸ்தர் நாடாவை விரித்தார். ஆரை பார்த்தார், மூலை பார்த்தார், விட்டமும் பார்த்தார். அதிபர் நாடாவின் பின்னாலேயே நடந்தார்.

"ஆர் கீறினது? ஒரு மயிரிழை பிழையில்லை."

"நான்தான்," என்றாள் கௌசலா. சொல்லும்போது நாடி தானாக நிமிர்ந்தது.

ரவுண் பிள்ளைகள் கம்பத்தோடு போட்டி போட்டு வளர்ந்தவர்கள். கம்பத்தடியில் வேலி மாதிரி நின்றார்கள். நிதர்சனா அவர்களுக்குக் கிட்டவே போகவில்லை. பரிதியின் ஓரத்தில் நின்று, ஏதோ பக்கத்து வீட்டு முற்றத்துக்கு எறிவதுபோல எறிந்தாள். விழுந்தது. மறுபடி எறிந்தாள். அதுவும் விழுந்தது. வேலி திகைத்து வெளியே ஓடிவந்தபோது ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது.

வெற்றி! மைதானமே எழும்பி நின்று கத்தியது. சுதாகரன் கைதட்டாமல் இருக்கப் பார்த்து, முடியாமல் தட்டினார். அதிபர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "எங்கட பட்டதாரிப் பிள்ளை!"

அந்தச் சொல் முதல்முறையாக அவள் காதில் இனித்தது.

ரவுண் அணியின் பயிற்றுவிப்பாளர் வந்து கை கொடுத்தார். "இவ்வளவு தூரத்திலயிருந்து எறிய எப்பிடி ரீச்சர் பழக்கினனீங்கள்?"

கௌசலா நிதர்சனாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படி எதையும் பழக்கவேயில்லை.

பின்னால் யாரோ அவளுடைய சேலைத் தலைப்பை மெல்ல இழுத்தார்கள். முழங்கைவரை சுண்ணாம்பு அப்பிய கைகளில் கட்டுக்கம்பியோடு கலிஸ்ரா நின்றாள்.

"ரீச்சர், மையத்தைத் தொடமாட்டம். மாகாணப் போட்டிக்கு நிதர்சனா எறிஞ்சு பழக ஆரையை இன்னும் ஒரு மீற்றர் கூட்டட்டோ?"