வெடிக்காத வெடிக்கு ஓடிய நாள்

ஒரு தீக்குச்சிகூட எரியாமல் நாற்பது பேரைக் கருவேலங்காட்டுக்குள் ஓடவிட்டவன் நான். ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இந்தப் பெருமை இன்னும் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தீபாவளி சீசன். அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். என் மனைவி வள்ளி அதே கம்பெனியில் சரம் பின்னுகிறவள். பத்து வருடமாக வெடிமருந்து வாசனையில் நிம்மதியாக வேலை பார்த்த எனக்கு, அந்த ஆவணியில் காரணமே இல்லாமல் பயம் வந்தது. யாராவது இருமினால் பயம். இருமாவிட்டால் என்ன சதியோ என்று பயம். மருந்து கலக்கும் கருப்பையா என்னை ஒழிக்கவே அலுமினியப் பொடியைக் கூடுதலாகப் போடுகிறான் என்று நம்பினேன். (பாவம், எறும்பை மிதித்தால்கூட கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள்.) தூக்கம் போனது. மூன்று ஆள் சோறு தின்றும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. வேர்வை ஊற்றியது. எங்கள் ஊர் வெயிலில் வேர்க்காதவன் யார் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மருந்து அறை வாசலில் கதவு நிலையைப் பிடித்தேன். நிலை நடுங்கியது. காதுக்குள் தடதடவென்று சத்தம். கட்டடமே வெடித்துக் கிளம்பப்போகிறது என்று முடிவுகட்டி, எல்லோரையும் ஓடச்சொல்லிக் கத்திக்கொண்டே முதல் ஆளாக ஓடினேன். (போர்மேன் என்றால் முன்னால் நிற்க வேண்டாமா?)

எங்கள் தொழிலில் ஒருவன் ஓடினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நின்று கேட்டவர்கள் பதில் கேட்க இருந்ததில்லை. அறைக்குள் செருப்பு போடக்கூடாது என்பது விதி. வாசலில் செருப்புகள் கிடக்க, நாற்பது பேரும் வெறுங்காலோடு முள்ளுக்குள் பாய்ந்து, காதைப் பொத்திக் குப்புறப் படுத்தோம். தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. அவ்வளவுதான்.

கருப்பையா போய்ப் பார்த்துவிட்டு, அறை அப்படியே இருப்பதாகச் சொன்னான். நான் விடவில்லை. நிலை ஆடியதைக் கையால் உணர்ந்தேன் என்று சாதித்தேன். பாதத்தில் முள் பிடுங்கிக்கொண்டிருந்த வள்ளி என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நிலை ஆடல. நீங்கதான் ஆடிக்கிட்டு இருக்கீக."

சொல்லிவிட்டுக் கையை விட்டாள். ஓரடி தள்ளி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தே அவள் பயந்துவிட்டாள். அதற்கு முன் எந்த வெடிக்கும் நான் அப்படி நடுங்கியதில்லை. எனக்குப் பைத்தியம்தான், ஒருநாள் இந்த நாற்பது பேரையும் நானே கொன்றுவிடுவேன் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் அழுதேன்.

முதலாளி மருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். முன்னொரு விபத்தில் செத்தவன் என்மேல் இறங்கியிருக்கிறான் என்று ஆளாளுக்குச் சொல்ல, ஒரு வாரம் வேப்பிலை அடி வாங்கினேன். ஆவி போகவில்லை, வேப்பமரம்தான் மொட்டையானது. கடைசியில் வள்ளி என்னை விருதுநகருக்கு இழுத்துப்போனாள். டாக்டர் தண்ணீர் விழுங்கச்சொல்லிக் கழுத்தைத் தடவினார். கைகளை நீட்டச்சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கிறது, பயமும் சந்தேகமும் அதன் வேலைதான், மாத்திரையில் அடங்கும் என்றார். சீசனில் எங்கள் கம்பெனியையே மிஞ்சி ஓவர்டைம் பார்த்திருக்கிறது அது.

மாதங்கள் ஆயின. கை ஆட்டம் நின்றது, சாவி திரும்பி வந்தது. முதல் நாள் போனால், அறை வாசல்களில் நாற்பது ஜோடிச் செருப்பும் காட்டைப் பார்த்து, கால் நுழைக்கத் தோதாக வரிசையில் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான் அண்ணாச்சி" என்றான் கருப்பையா.

இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் சத்தம் போட்டால், வள்ளி எழுந்துபோய் அவள் செருப்பைத் தெருப்பக்கம் திருப்பிப் போடுவாள். பிறகு வந்து என் கையை நீட்டச்சொல்வாள். கை ஆடவில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடமாட்டாள்.