கமலவல்லியின் நாற்பது விநாடி

புதுப் பெட்டியை டிவிக்கு அடியில் வைத்துவிட்டு, "அவ்வளவுதாண்ணே. இனிமே படம் கண்ணாடி மாதிரி தெரியும்" என்றான் கேபிள்காரத் தியாகு.

வைரக்கண்ணுவுக்குப் படம் கண்ணாடி மாதிரி தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் குறுவை போட்டிருக்கிற அறுபத்தாறு வயது மனிதர். டிவியில் அவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அதுவும் படம் இல்லை, ஒரு குரல்.

"உங்க அண்ணி பேசுனது எங்கடா?" என்றார்.

தியாகு பழைய பெட்டியில் சொருகியிருந்த டிஸ்க்கைப் பிடுங்கிப் புதுப் பெட்டியில் சொருகினான். திரையில் இங்கிலீஷில் நாலு வரி வந்தது. அதை இரண்டு தரம் படித்தான்.

"இந்த டிஸ்க்கு யாருதுன்னே தெரியாதுங்குதுண்ணே."

"யாரு சொல்றது?"

"புதுப் பெட்டிதான். பழைய பெட்டியில ரெக்கார்டு பண்ணது பழைய பெட்டியிலதான் ஓடும். அதுவும் அதே கார்டு உள்ள இருந்தாத்தான். காப்பி எடுத்து வித்துருவாங்கன்னு கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வச்சிருக்கான்."

"கமலவல்லி பேசுனதை எவன்டா வாங்குவான்?"

"அது பூட்டுக்குத் தெரியாதுல்லண்ணே."

கமலவல்லி போய்ச் சேர்ந்து வருகிற புதன்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. தலை திவசம். மகள் வானதி மஸ்கட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்து இறங்குகிறாள். அம்மா டிவியில் பேசிய நாற்பது விநாடியை அவள் இன்னும் கேட்டதில்லை. போனில் போட்டுக் காட்டச் சொல்லி அவள் கெஞ்சியபோது, "அதெல்லாம் போன்ல நல்லா இருக்காது, நேர்ல வந்து கேளு" என்று தள்ளிப்போட்டவர் வைரக்கண்ணுதான். தள்ளிப்போடுவதில் அவர் கைதேர்ந்தவர்.

அந்த நாற்பது விநாடியே அப்படித்தான் தள்ளிப்போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு ஐந்து நாள் அதற்குக் காவல் கிடந்தார். அந்த ஐந்து நாளில் ஒரு மத்தியானம், நேயர் விருப்பப் பாட்டு நிகழ்ச்சிக்கு இங்கிருந்து லைன் கிடைத்துவிட்டது. கமலவல்லி சீரியல் ரெக்கார்டு பண்ணிப் பார்ப்பதற்காக வானதி வாங்கிக் கொடுத்த பெட்டியில் அதுவும் பதிவாகிவிட்டது.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவரிடம் கமலவல்லி சிரித்துக்கொண்டே சொன்னாள். "டிவில உங்களுக்குப் பாட்டு போட்டாங்க. அதுல ஒரு பெரிய கூத்து நடந்துச்சு. பெட்டியில இருக்கு, கேக்குறீங்களா?"

"அப்புறம் பாக்கலாம்" என்றார் வைரக்கண்ணு.

அந்த அப்புறம் அவள் இருந்தவரை வரவில்லை. கருமாதி முடிந்த பிறகு வயர் மாற்ற வந்த தியாகுதான் பட்டியலில் அதைக் கண்டுபிடித்தான். திரையில் ஒரு ரோஜாப்பூ, அதற்குக் கீழே 'கமலவல்லி, அம்மாப்பேட்டை' என்று எழுத்து. மேலே குரல்.

"எங்க வீட்டுக்காரருக்காகப் பாட்டு போடுங்க."

"அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்பாள் நிகழ்ச்சி நடத்துகிற பெண்.

"கோவக்காரருதான். ஆனா மனசு தங்கம். சாப்டியான்னு கேக்காம சோத்துல கை வைக்க மாட்டாரு."

முதல் தரம் கேட்டபோது வைரக்கண்ணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நடவு ஆட்களைக் கேட்பார், மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்பார், அது அவருக்குப் பழக்கம். கமலவல்லியை எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. எப்போதாவது கேட்டிருப்போம், பாவி மகள் அதைப் போய் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று தேம்பித் தேம்பி அழுதார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் கேட்பார், அழுவார், பிறகு வயலுக்குப் போவார். அவரை ஒரு வருஷமாக நடமாட வைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

ரிமோட்டில் அவருக்குத் தெரிந்த பட்டன் ஒன்றுதான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத புருஷன் திண்டாடக் கூடாதென்று, ஓகே பட்டன் மேல் கமலவல்லி தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பழைய பெட்டியையே மாட்டிக் குடு" என்றார் வைரக்கண்ணு.

தியாகு மாட்டினான். இந்த முறை இரண்டே வரி வந்தது.

"கார்டு செல்லாதாம். பெட்டி மாத்தியாச்சுன்னு நான் வாசல்லேயே கம்பெனிக்கு மெசேஜ் போட்டுட்டேன். உடனே அடைச்சுட்டான்."

வைரக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டி நான் காசு குடுத்து வாங்குனது. டிஸ்க்கு நான் வாங்குனது. பேசுனவ எம் பொண்டாட்டி. பூட்டு மட்டும் அவனுதா?"

கொல்லைக் கதவருகே வீட்டு வேலை செய்யும் காத்தாயி வந்து நின்றாள். பதினைந்து வருஷமாகக் கமலவல்லிக்குக் கைத்துணையாக இருந்தவள். வைரக்கண்ணுவின் எதிரில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் இல்லை என்று கையை ஆட்டுவாள். இன்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"சாப்டியா?" என்றார் வைரக்கண்ணு.

தலையை ஆட்டினாள்.

"அப்ப மாட்டுக்குத் தண்ணியக் காட்டு. இங்க நிக்காத."

போய்விட்டாள்.

தியாகு கம்பெனிக்குப் போன் போட்டான். ஒன்றை அமுக்கச் சொன்னது, நாலை அமுக்கச் சொன்னது, பிறகு முக்கால் மணி நேரம் வீணை வாசித்தது. கடைசியில் ஒரு பெண் வந்து, பதிவு செய்தவை சந்தாதாரர் சொந்தமாகப் பார்ப்பதற்கு மட்டுமே, பிரதி எடுப்பதற்கு அல்ல என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். வைரக்கண்ணு போனைப் பிடுங்கி, "அம்மா, செத்தவ குரலும்மா அது" என்றார். அந்தப் பெண் பாடத்தை நிறுத்தினாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை பழைய கார்டைத் திறந்து வைக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தஞ்சாவூர் கீழவாசலிலிருந்து மெக்கானிக் செல்லதுரையைத் தியாகு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். செல்லதுரை ஒரு ரெக்கார்டரும் ஒரு பை நிறைய வயரும் கொண்டுவந்திருந்தார்.

"எத்தனை கல்யாணக் கேசட்டைக் காப்பி போட்ட கை இது. அஞ்சு நிமிஷம் சார்" என்றார்.

ரெக்கார்டரை மாட்டினார். டிவி கறுப்பாகிவிட்டது. கழற்றினார். ரோஜாப்பூ வந்தது. மாட்டினார். கறுப்பு.

"மோப்பம் புடிக்குது சார். பாக்கலாம், ஆனா வச்சுக்கக் கூடாதுங்குது."

"பொண்டாட்டி விஷயத்துல எமனும் அதைத்தான் சொன்னான்" என்றார் வைரக்கண்ணு.

செல்லதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைக் குப்புறப் போட்டு நாலு திருகாணியையும் கழற்றினார். உள்ளே ஒட்டியிருந்த ஒரு வெள்ளிச் சீட்டு கிழிந்தது. எதையோ தொட்டார், எதையோ ஊதினார், தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி மூடினார். அதிலிருந்து பெட்டிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒரு வயர் வேறு ஆட ஆரம்பித்தது, அதைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் படம் நின்றது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை திரையில் என்னவோ இங்கிலீஷில் கேட்டது.

"என்னடா கேக்குது?"

"நீ யாரு, எதுக்குத் தொறந்தேன்னு கேக்குதுண்ணே. ஓகே அமுக்குங்க, போயிரும்."

வைரக்கண்ணு பொட்டை அமுக்கினார். போய்விட்டது. மறுபடி வந்தது. அமுக்கினார். போனது. அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

மணி நாலு ஆனபோது செல்லதுரை தோல்வியை ஒப்புக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். என் போனை டிவிக்கு முன்னாடி நீட்டிப் புடிச்சு எடுத்துரலாம். அதுக்கு எந்தப் பூட்டும் கெடையாது."

தியாகு அவரை முறைத்தான். "இதை வந்த உடனே சொல்லியிருக்கலாமே."

"அது வேலை தெரியாதவன் பண்றது தம்பி."

போனை நீட்டிப் பிடித்து எடுத்தார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது, 'எங்க வீட்டுக்காரருக்காக' என்பது வரைதான் குரல் கேட்டது. அதற்கு மேல் முழுக்க வைரக்கண்ணுவின் ஒப்பாரி. வழக்கப்படி அழுதுவிட்டார், அவருக்கே தெரியவில்லை.

"தெவசத்தன்னிக்கு இதைப் போட்டா, செத்தது நீங்கன்னுதாண்ணே நெனைப்பாங்க" என்றான் தியாகு.

வாய்க்கால் கரைப் பக்கம் கொஞ்ச நேரம் போய் இருங்கள் என்று இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். வைரக்கண்ணு நகரவில்லை. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார். செல்லதுரை இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றார். தியாகு டிவிக்குப் பின்னால் குனிந்து, ஆடுகிற வயரை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ரிமோட்டுக்கு ஆள் இல்லை.

"அண்ணே, ரிமோட் உங்க பொறுப்பு. ஏதாச்சும் கேட்டா ஓகே அமுக்கிருங்க" என்று பின்னாலிருந்து தியாகு சொன்னான்.

அந்த நேரம் பார்த்துக் காத்தாயி மறுபடி உள்ளே வந்தாள். செல்லதுரையைத் தாண்டி, வைரக்கண்ணுவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். வாயில் துண்டு இருந்ததால் அவரால் அதட்ட முடியவில்லை. கண்ணை உருட்டிக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அவள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

திரையில் கேள்வி வந்தது. வைரக்கண்ணு பொட்டை அமுக்கினார். உடனே இன்னொரு கேள்வி வந்தது, முந்தியதைவிடக் கொஞ்சம் நீளம். அதற்கும் அமுக்கினார். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல ஓடியது. நல்லதுக்குத்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். கோடு முடிந்ததும் திரை காலியாகிவிட்டது.

"ரோசாப்பூ வரலியே?" என்றார் செல்லதுரை.

தியாகு எழுந்து வந்து ரிமோட்டை வாங்கிப் பட்டியலைத் தேடினான். பட்டியலே இல்லை. அவன் முகம் செத்துப்போனது. வைரக்கண்ணு வாயிலிருந்து துண்டை உருவினார்.

"என்னடா கேட்டுச்சு?"

"டிஸ்க்குல இருக்குறதையெல்லாம் அழிச்சுரட்டுமான்னு கேட்டுருக்குண்ணே."

"ரெண்டு தரம் கேட்டுச்சே?"

"ரெண்டாவது தரம், நெசமாத்தான் சொல்றியான்னு கேட்டுருக்கும்."

வைரக்கண்ணு கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தியாகுவிடமிருந்து ரிமோட்டை வாங்கி, அந்தப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினார். அமுக்கவில்லை.

"உசுரோட இருந்தப்ப கேளுங்கன்னு கூப்பிட்டா. அப்புறம்னேன். நாப்பது வருஷம் அவ எதைச் சொன்னாலும் அப்புறம்னுதான் சொன்னேன். போன பொறவு இந்த ஒண்ணை வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அதையும் என் கையாலேயே அழிச்சுட்டேனே. வானதிகிட்ட என்னத்தைச் சொல்வேன்?"

செல்லதுரை போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வயர்களைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல் திணிக்க அவர் பட்ட பாடு பெரிய பாடு. தியாகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வைரக்கண்ணு இந்தத் தடவை ஓசையே இல்லாமல் அழுதார்.

"அழுவாதீங்க."

கமலவல்லியின் குரல். நாற்பது விநாடியில் கேட்ட அதே குரல், அதே இழுவை. வைரக்கண்ணு வெடுக்கென்று நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். டிவி கறுப்பாகத்தான் இருந்தது. தியாகுவைப் பார்த்தார். தியாகு அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பினார். காத்தாயி ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"அன்னிக்கு லைன் கெடச்சதும் அம்மாவுக்குப் பேச்சே வரலீங்கய்யா, நீயே எதாச்சும் சொல்லுடின்னு போனை என் கையில குடுத்துட்டாங்க" என்றாள். "வேணும்னா அந்தண்ணனைப் போனைப் புடிக்கச் சொல்லுங்க, இன்னொரு தரம் சொல்றேன்."