கெண்டைக்காலில் ஐந்து விரல்

மகளின் கெண்டைக்காலைப் பார்த்த மாத்திரத்தில், கார் ஓட்டப் பழக்கும் வாத்தியாருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இரண்டு காலிலும் சிவந்து தடித்த பட்டைகள். அங்கங்கே பொடிக் கொப்புளம். எண்ணிப் பார்த்தார். காலுக்கு ஐந்து. விரல்கள்!

"அடிச்சிருக்காங்கடி! ஸ்கூல்ல எவனோ என் புள்ளையை அடிச்சிருக்கான்! இது யார் கைவரிசைன்னு கண்டுபிடிச்சு, அந்தக் கையை முறிக்காம விடமாட்டேன்!"

"யாரும் அடிக்கலப்பா" என்றாள் ஆறு வயது மகள்.

"பாரு, பயந்து போய்ச் சொல்லுது!"

மனைவி நிதானமாகச் செருப்பை மாட்டினாள். "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம். அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்க சண்டைக்கும் பலம்தானே?"

அட, இதுவல்லவா யோசனை! சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்தியார் வண்டியைக் கிளப்பினார். மாணவர்களுக்கு எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பாரோ, அத்தனையையும் வழி நெடுகச் செய்தார்.

தோல் டாக்டரம்மா லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"இது அடி இல்லைங்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்மேல வெயில் அடிச்சா இப்படித்தான் வெந்துபோகும். ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளியில தெரியும். எலுமிச்சை பிழிஞ்ச கையோட யாரோ குழந்தையைத் தோள்ல தூக்கி, காலைப் புடிச்சுக்கிட்டு வெயில்ல சுத்தியிருக்காங்க."

முறிக்கவேண்டிய கை தானாகவே பேண்ட் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"ஞாயித்துக்கிழமை பூரா லைப்ரரியிலதான் இருந்தோம்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி.

"ஆமா... லைப்ரரிதான்."

"கூரை இல்லாத லைப்ரரியா?"

"ஜன்னலோரமா உக்காந்தோம்..."

"எலுமிச்சம்பழம் எந்த அலமாரியில இருந்துச்சு?"

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் மகள் குதித்தாள். "லைப்ரரி இல்லம்மா, மேட்ச்! அப்பாதான் எல்லாருக்கும் ஜூஸ் பிழிஞ்சாரு! ஜெயிச்சதும் என்னைத் தோள்ல தூக்கிட்டு மைதானத்தை ஏழு சுத்து ஓடினாரு!"

"பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டரம்மா மருந்து எழுதினார். "கொஞ்ச நாள் வெயில் படாம காலை மூடி வைங்க. தடம் கறுத்து, சில வாரத்துல தானா மங்கிடும்."

தப்பித்தோம் என்று வாத்தியார் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினார். "பாத்தியா! டாக்டரம்மா எப்படிப் பட்டுனு கண்டுபிடிச்சிட்டாங்க! என்ன மூளை!"

"பட்டுன்னு எல்லாம் இல்லைங்க" என்று சிரித்தார் டாக்டரம்மா. "நேத்து சாயங்காலமே குழந்தையைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டாங்க. 'நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வரேன், புதுசாப் பாக்கிற மாதிரி முதல்லேர்ந்து சொல்லுங்க'ன்னு உங்க வீட்டுக்காரம்மாதான் கேட்டுக்கிட்டாங்க."