ஆட்டுத் தலைக்கும் நம் வீட்டு ஜாடை

ஆம்பூர்,
14.3.2007

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் அருள்தாஸ் அவர்களுக்கு, ஞானமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை தேவகிருபையும் மகள் கெசியாவும் சுகம். அங்கு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்பதை உடனே தெரிவிக்கவும். மரியாதைக்காகக் கேட்கவில்லை. போன ஞாயிறு ஆராதனையில், உங்களை இழந்து வாடும் குடும்பத்துக்கு ஆறுதல் கிடைக்கும்படி ஜெபம் பண்ணிவிட்டார்கள். வாடும் குடும்பம் நாங்கள்தான்.

நீங்கள் கான்பூர் தோல் கம்பெனிக்குப் போன பிறகு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, போன் நம்பரும் மாறிவிட்டது. இதற்கிடையில் கெசியா இன்ஜினியரிங் கடைசி வருஷம் வந்து, கல்லூரிக்காக ஒரு புராஜெக்ட் எடுத்துக்கொண்டாள். மண்டை ஓட்டைக் காட்டினால், அந்த ஆள் உயிரோடு இருந்தபோது முகம் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் வரைய வேண்டும். அதற்கு மனிதர்களின் தலை எக்ஸ்ரேயையும் போட்டோவையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்கினால், எந்த எலும்பின் மேல் எவ்வளவு சதை என்று அதுவே கற்றுக்கொள்ளுமாம். ஊரில் யார் தன் மண்டையைக் கொடுப்பார்கள்? எனக்குக் கழுத்து வலிக்கு எடுத்தது, தேவகிருபைக்குத் தலைவலிக்கு எடுத்தது, நீங்கள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது எடுத்தது, கணியம்பாடிச் சித்தப்பா வீட்டார் எல்லோருடையதும் என்று பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பாலாற்று மணலில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. யாரென்று தெரியாமல் தவித்த இன்ஸ்பெக்டர் பாண்டியன், இந்த புராஜெக்டைக் கேள்விப்பட்டு மண்டை ஓட்டின் எக்ஸ்ரேயோடு வந்துவிட்டார். கெசியா, "சார், இது இன்னும் சரியா பழகல" என்று சொன்னாள். "பரவால்லம்மா, சுமாரா வந்தா போதும்" என்றார் அவர். சுமாராக வரவில்லை. அச்சு அசலாக நீங்களே வந்தீர்கள், மீசை உட்பட. மண்டை ஓட்டில் மீசை எங்கே இருந்தது என்று அப்போது ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

படம் பேப்பரில் வந்தது. தேவகிருபை பார்த்த மாத்திரத்தில், "அய்யோ எங்க அண்ணன்" என்று சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வாணியம்பாடியிலிருந்து உங்கள் பழைய தோஸ்த் இஷ்தியாக் அகமது வந்து, "நல்ல மனுசன், பேஜார் பண்ண மாட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெசியாதான் பாவம். மாமாவைத் தானே சாகடித்துவிட்டதுபோல் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து, "அப்பா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று சொல்லி, கவுஸ் பாஷா கறிக்கடையில் ஓர் ஆட்டுத் தலை வாங்கி எக்ஸ்ரே எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். படத்தில் நான் வந்தேன், மூக்குக் கண்ணாடியோடு.

"இன்னாடி இது?" என்றேன்.

"அதுக்கு நம்ம வீட்டு மூஞ்சிங்க மட்டும்தான் தெரியும்பா. எத போட்டாலும் தெரிஞ்ச மூஞ்சியதான் போடும்" என்று சொல்லி, அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

தேவகிருபை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு முடி கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி நீங்கதான்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அதே ஆட்டுத் தலையைத்தான். மறுநாள் டாக்டர் அறிக்கையும் வந்தது. எலும்பு வயதான ஒரு பெண்ணுடையதாம், மிகப் பழசாம். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். கெசியா இப்போது ஊர் பேர் தெரியாதவர்களின் எக்ஸ்ரேக்களுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

ஆனாலும் தேவகிருபைக்கு உங்கள் குரலைக் கேட்டால்தான் மனம் ஆறும். இரண்டு வரி எழுதுங்கள், அல்லது போன் பண்ணுங்கள். கர்த்தர் உங்கள் சரீரத்தையும், முக்கியமாக உங்கள் தலையையும், காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
அன்புள்ள ஞானமுத்து

பி.கு.: இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்களுக்கு இரங்கல் கூட்டம் என்று யாரோ சொல்ல, ரயில் ஏறிவிட்டீர்களாம். இப்போது உள்ளே குறட்டை விடுகிறீர்கள், எழுந்ததும் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். தேவகிருபைமேல் வருத்தம் வேண்டாம். மீசையை எடுத்து, தாடி வைத்து, பாதியாக இளைத்து வந்து நின்றால் அவள்தான் என்ன செய்வாள்? கதவைத் திறந்து உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன் செத்துட்டார்னு துக்கம் விசாரிக்க வந்தீங்களா? அவர் நல்லா இருக்கார், போய்ட்டு வாங்க" என்று சாத்திவிட்டாள்.