மரக்காணத்துக்குத் திரும்பிய சேறு

திண்டிவனம்,
12-2-1998, வியாழன்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி வீரேந்திரன் அவர்களுக்கு,

அனந்தநாதன் பணிவுடன் எழுதுவது. அருகன் அருளால் இங்கு நானும் சாந்தாமணியும் சுகம். விழுப்புரத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் ப்ரியதர்ஷினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் பெருமை பேசுவது அழகல்ல. ஆனால் பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் மீன் தொட்டிக்கு முன்னால் நின்று, "இன்னா சம்பந்தி, டிகாஷன் போட்டு வச்சிருக்கீங்க, பால் எப்ப ஊத்துவீங்க?" என்று தாங்கள் கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ப்ரியதர்ஷினியும் சிரித்தாள். எனக்குக் கூட்டத்தில் நா எழாது என்பது தெரிந்ததே. ஆகவே பதிலை இப்போது எழுத்தில் தருகிறேன்.

அந்த மீன்கள் இரண்டும் நான் ஆசைப்பட்டு வாங்கியவை அல்ல. பழைய மாணவன் ஒருவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக மரக்காணம் போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் அஞ்சம்மாள் என்ற மீன்காரப் பெண்மணி கூடையை இறக்கினாள். அதில் மஞ்சளாக, புள்ளி போட்ட இரண்டு சிறு மீன்கள் உயிரோடு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. "இன்னா சாமி அப்பிடிப் பாக்கற? வேணும்னா சொல்லு, செதில் சீவி ஆஞ்சித் தர்றேன்" என்றாள். ஆய வேண்டாம், அப்படியே கொடு, தண்ணீரில் விடப்போகிறேன் என்று வாங்கிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இங்க வுட்டீன்னா காலைல மறுபடியும் எங்க வூட்டுக்காரரு வலையிலதான் வந்து வுழும். தெனம் வந்து நீயே வாங்கிக்கினு இருப்பியா?" என்றாள். நியாயமான கேள்வி. காப்பாற்றுகிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாகிவிட்டது. பின்வாங்க முடியவில்லை. அவளிடமே ஒரு குடம் இரவல் வாங்கி, கழிமுகத்துத் தண்ணீரோடு, அவற்றுக்கு ஊர் ஞாபகம் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேற்றையும் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கண்ணாடிக் கடையில் சொல்லித் தொட்டி செய்தேன். வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் ஆகையால், கடல்நீரில் பாதிக்கும் குறைவான உப்பு இருக்கவேண்டும் என்று உப்புமானி வைத்துப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரில் மரக்காணத்து உப்பைக் கரைத்து, சேற்றை அடியில் பரப்பி, முறைப்படிதான் எல்லாம் செய்தேன். மீன்களுக்கான கீரையைக்கூடப் பொழுது இறங்குமுன் போட்டுவிடுவேன், நாம் இருட்டுமுன் சாப்பிட்டுவிடுவதைப் போலத்தான். ஆனாலும் தண்ணீர் பழுப்பானது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. தப்பித்த உயிர்களைக் கொண்டுவந்து நானே கொன்றுவிடுவேனோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நம் சமண வீடுகளில் குடிநீரை வடிகட்டுகிற வழக்கப்படி, துணியை மடித்துக் காலையும் மாலையும் தொட்டி நீரை வடிகட்டினேன். துணியில் தங்குகிற சிற்றுயிர்களை எடுத்த நீரிலேயே அலசிவிட வேண்டும் என்பது தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதையும் தவறாமல் செய்தேன். தண்ணீர் தெளியவில்லை. துணியை மாற்றினேன், மடிப்பைக் கூட்டினேன், என் படிப்பையே சந்தேகித்தேன். தாங்கள் பொங்கலன்று பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான்.

ஒரு நாள் சாந்தாமணி முறத்தை வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். "வடிகட்டின சேத்தத் திரும்பவும் அதுலயே அலசி வுட்டா எப்பிடிங்க தெளியும்?" என்றாள். எடுத்த இடத்தில்தானே விடவேண்டும் என்றேன். "சேறு எந்த ஊரு?" என்று கேட்டாள். மரக்காணம் என்றேன். "அப்ப மரக்காணத்துல கொண்டுபோயி வுடுங்க." ஆகா, தர்மமும் கெடவில்லை, வேதியியலும் கெடவில்லை. (யோசனை தன்னுடையது என்பதை எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.)

அன்றிலிருந்து வடிகட்டிய சேற்றைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, பஸ்ஸில் மரக்காணம் போய்வந்தேன். முதல் நாள் கண்டக்டர், "இன்னா பெரியவரே, கொழம்பா? சாச்சிடப் போறீங்க" என்றார். எனக்குப் பொய் வராது. சேறு என்றேன். "மரக்காணத்துக்கா சேறு எடுத்துக்கினு போறீங்க? அடுத்த தபா உப்பும் எடுத்தாந்துடுங்க" என்றதும் பஸ்ஸே சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். அஞ்சம்மாளிடம் குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேற்றையும் தண்ணீரில் இறக்கிவிட்டேன். அவள் குடத்தைக் கவிழ்த்து உதறினாள். பிறகு, "எங்க பங்காளி வாங்கினு போன வலையவே இன்னும் தரல. நீ சேத்தக் கொண்டாந்து குடுக்கற. நல்லா இரு சாமி" என்றாள். அந்த வாழ்த்தை நான் எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலும் பெற்றதில்லை.

இப்போது தண்ணீர் கண்ணாடி. தொட்டிக்குப் பின்னால் தினசரிக் காலண்டரை மாட்டியிருக்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் தேதி மட்டுமல்ல, பொடி எழுத்தில் உள்ள ராகுகாலமும் படிக்கலாம். ஆகவே, வரும் ஞாயிறு தாங்கள் குடும்பத்தோடு அவசியம் வந்து படித்துப் பார்க்கவேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் ப்ரியதர்ஷினிக்கும் எல்லா நலமும் பெருக எங்கள் ஆசிகள்.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
அனந்தநாதன்

பின்குறிப்பு: வெள்ளி காலை. தபாலில் சேர்க்குமுன் எழுதுகிறேன். மேலே உள்ள தெளிவைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். இரவோடிரவாக மீன்கள் இரண்டும் அடிச்சேற்றை வாயால் தோண்டிக் குழி பறித்துவிட்டன. காலண்டர் இருக்கும் இடமே தெரியவில்லை. துணியை எடுத்தேன், சாந்தாமணி கையைப் பிடித்துக்கொண்டாள். "துணியக் கீழ வைங்க. உத்துப் பாருங்க." குழிக்கு மேலே கண் வைத்த புள்ளிகள் மிதந்தன. எண்ண முயன்றேன், நூறைத் தாண்டியதும் விட்டுப்போயிற்று. இனி வடிகட்டுவதற்கில்லை, தெளியவைப்பதாகவும் இல்லை. இவ்வளவு அழகான கலங்கலை நான் பார்த்ததில்லை. இத்தனை குஞ்சுகளுக்கும் இந்த ஒரு தொட்டி போதாது. தங்கள் கூடத்தில் கிழக்குச் சுவரோரம் இடம் இருப்பதாக ப்ரியதர்ஷினி சொல்லியிருக்கிறாள். குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் பாதியைக் கொண்டுவருகிறேன். பெண் வீட்டுச் சீர், தாங்கள் மறுக்கக் கூடாது.