அரசனை விரட்டிய ஓக் மரம்

என்னை இந்த வீட்டிலிருந்து சவப்பெட்டியில்தான் வெளியே எடுக்கலாம் என்று காலை உணவின்போது அறிவித்தேன். என் மனைவி ராஸலிண்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"அந்த மாடிப்படி வளைவுல சவப்பெட்டி திரும்பாது, ஜெஃப்ரி."

சிக்கலே அந்த மாடிப்படிதான். சென்ற குளிர்காலத்தில் நான் இருமுறை அதில் உருண்டேன், அவள் ஒருமுறை. இவ்வீட்டை விற்றுவிட்டுக் குடிபோகக் கடலோரத்தில் படியில்லாத வீடொன்றை அவள் பார்த்து வைத்திருக்கிறாள். நானோ எங்கள் விக்கர்ஸ்டன் கிராமத்து ஓக் மரங்களைப் பற்றிய வாய்மொழிக் கதைகளைத் தொகுப்பவன். மேல்தெரு வழக்கு, கீழ்த்தெரு வழக்கு என்று பாடபேதம் பிரித்து அடுக்கிய அறையை விட்டு எங்கே போவேன்? வீடு பார்க்க யார் வந்தாலும் அவ்வறையில் அமர்ந்து இருமுவேன். காசநோய் வீடு என்று எண்ணி ஓடிவிடுவார்கள்.

அக்டோபரில் தேவாலயத்தார் குடும்பங்களுக்கான புதையல் வேட்டை ஒன்றை அறிவித்தார்கள். ஊரின் பழைய ஓக் மரங்கள் ஐந்திலும் ஒவ்வொரு துப்பு. துப்புகளை எழுதியவள் ராஸலிண்ட்.

"லண்டன்லேருந்து ஒரு குடும்பம் வருது. அவங்களுக்கு மரமே தெரியாது. நீ கூடப் போ."

"துப்பு எழுதினவ புருஷன் ஜெயிச்சா ஊர் என்ன சொல்லும்?"

"நான் உங்கிட்ட எதையும் சொல்றதில்லைன்னு ஊருக்கே தெரியும்."

"ஜெயிச்சா எனக்கென்ன?"

சற்று யோசித்தாள். "வீடு பார்க்க இனிமே ஒரு ஆளைக்கூட நான் கூட்டிட்டு வரமாட்டேன். தோத்தா நீ இருமக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சனிக்கிழமை வானம் ஈரச் சாக்குபோல் தொங்கியது. லண்டன்காரர்களான கேலம், அவன் மனைவி பெத், மகள் மெய்ஸி ஆகிய மூவரும் குடைக்குள் நடுங்கினார்கள். முதல் மரம் இடிவிழுந்து உள்ளே பொள்ளலாகிவிட்டது. இரண்டாவதில் ஒரு கிளையில் மட்டுமே இலை; அடிமரத்தில், வெட்டுவதற்கான மஞ்சள் குறி. எனக்கு இன்னும் குறியிடவில்லை என்பதே அம்மரத்துக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு.

இருப்பினும் பேசினேன். ஊரின் தண்ணீர், பள்ளிக்கூடம், எங்கள் கணப்பில் நெருப்பு பிடிக்கும் அழகு எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசித் துப்பு: அரசன் ஒளிய முடியாத மரம். மற்றக் குடும்பத்தார் அனைவரும் பெயர்ப்பலகை வைத்த அரச ஓக்கை நோக்கி ஓடினார்கள். நான் சிரித்தேன்.

"அது மேல்தெரு வழக்கு. அதுல எதிரிப் படைக்குத் தப்பி ஓடிவந்த அரசன் மரத்துல ஏறி ஒளிஞ்சிடறான். கீழ்த்தெருவுல வேற மாதிரி சொல்வாங்க. பன்னிங்களை ஓக் கொட்டை தின்ன விடற சந்துல ஒரு பொம்பளை நின்னா. 'பன்னி சாப்பிடற நேரம், இடத்தைக் காலி பண்ணு'ன்னுட்டா."

"ராஜா என்ன பண்ணாரு?" என்றாள் மெய்ஸி.

"காலி பண்ணிட்டாரு."

பன்றிச் சந்து மரத்தின் பொந்தில் தகரப்பெட்டி இருந்தது. உள்ளே இஞ்சி பிஸ்கட். வென்றுவிட்டேன். வெற்றிக் களிப்பில், நனைந்த அம்மூவரையும் தேநீருக்கு அழைத்துச் சென்றேன். அவர்களின் கோட்டுகளை நானே வாங்கி மாட்டினேன். கணப்பையும் நிலவறையையும் காட்டினேன். ஐந்து ஓக்குகளும் ஒருசேரத் தெரியும் மாடிச் சன்னலையும் காட்டினேன். மெய்ஸி படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி மகிழ்ந்தாள். என் அறையில் பாடபேதங்களை விளக்கியபோது கேலம் சுவரைத் தட்டிப் பார்த்தான். புலமையின்மீது மதிப்பு என்று கருதினேன்.

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவன் சொன்னான்: "எத்தனையோ வீடு பார்த்தோம், மிஸ்டர் பெல்ச்சர். இவ்வளவு ஆசையா யாரும் சுத்திக் காட்டினதில்ல. இந்த வீட்டை நாங்களே எடுத்துக்கறோம்."

நான் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"நீ சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். நான் யாரைக் கூட்டிட்டு வந்தேன்? டீ மட்டும்தானே போட்டேன்."

"இவங்க வீடு தேடறாங்கன்னு உனக்குத் தெரியும்."

"உனக்கும் தெரிஞ்சிருக்கும். நாள் பூரா நீ அவங்களைப் பேச விட்டிருந்தா."

இனி ஒரே வழிதான் மிச்சம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இயன்ற மட்டும் பயங்கரமாக இருமினேன்.

மெய்ஸி ஓடிப்போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். சமையலறையில் தம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.